நாசரேத்தில் சம்பளமும் நாற்காலியும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் நாசரேத்தில் இறங்கினால், ஊரின் முக்கியமான இடங்களை நடந்தே பார்த்துவிடலாம். தூய யோவான் பேராலயம், மர்காஷிஸ் மேல்நிலைப் பள்ளி, பெண்கள் பள்ளி, கலைத் தொழிற்பள்ளி, தூய லூக்கா மருத்துவமனை. சற்றுத் தள்ளிப் பிள்ளையன்மனையில் மர்காஷிஸ் கல்லூரி. இவை அத்தனையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. தென்னிந்தியத் திருச்சபையின் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம்தான் அந்த நிர்வாகம். திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து அது தனியாகப் பிரிந்தது 2003 அக்டோபரில். கோயிலும் பள்ளியும் வேலையும் ஒரே கையில் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாத்தியார் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் திருமண்டலத் தேர்தல் வந்தால் என்ன நடக்கும்? சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் சபையார் வாக்குப் போட்டு ஒருவரைத் திருமண்டலப் பெருமன்றத்துக்கு அனுப்புகிறார்கள். அவர் திங்கட்கிழமை காலையில் அதே திருமண்டலத்தின் பள்ளியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வகுப்புக்குப் போகிற ஆசிரியராக இருக்கலாம். பள்ளியின் தாளாளர் யார், தொடக்கப் பள்ளிகளுக்கு மேலாளர் யார், காலியான தலைமையாசிரியர் இடம் யாருக்கு, யாரை எந்த ஊருக்கு மாற்றுவது என்பதையெல்லாம் முடிவுசெய்யும் குழுக்கள் அந்தப் பெருமன்றத்திலிருந்துதான் பிறக்கின்றன. தனக்கு மேலதிகாரி யார் என்று தீர்மானிக்கும் வாக்கு ஊழியரிடமே இருக்கிறது. ஒரு படி மேலே போய் நிர்வாகக் குழுவிலும் இடம் கிடைத்துவிட்டால், தன் மேலதிகாரிக்கே அவர் மேலதிகாரி.

இதை ஏதோ கடந்த பத்திருபது ஆண்டுச் சீரழிவு என்று பலரும் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளம் வாங்குகிறவரும் ஊருக்காகப் பேசுகிறவரும் ஒரே ஆளாக இருப்பது இந்த மண்ணில் மிஷன் காலத்திலேயே வேர்விட்ட பழக்கம். மாறியது, அதில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான்.

முதலூர் 1799-இல் உருவானது. திருநெல்வேலிச் சீமையின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு அது. அதைத் தொடர்ந்து பனங்காட்டுத் தேரி மணலில் எழுந்த ஊர்களில் ஒன்று நாசரேத். எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷன் சங்கம் இந்தப் பக்கத்து ஊர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு 'டிஸ்டிரிக்ட்' என்றது. நாசரேத் ஒரு டிஸ்டிரிக்ட், முதலூர் ஒன்று, இடையன்குடி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மிஷனரி. அவருக்குக் கீழே ஊருக்கு ஊர் உபதேசியார், பள்ளி வாத்தியார். மாதச் சம்பளம் மிஷனிலிருந்து வரும். உபதேசியாரின் வேலை ஜெபம் நடத்துவதோடு முடியாது. மனு எழுதுவார், வழக்கு வம்பு என்றால் உடன் போவார், பஞ்சாயத்துப் பேசுவார். பனையேறிப் பிழைக்கும் மக்களின் வாயாக மிஷனரியிடம் பேசுவதும் அவர்தான், மிஷனரியின் கண்ணாக மக்களிடையே இருப்பதும் அவர்தான். சம்பளம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து வந்தது.

அந்த இழுபறி வெடித்த இடமும் நாசரேத்தே. சாயர்புரம் செமினரியில் படித்து, நாசரேத்தில் மிஷன் பணியில் இருந்தவர் அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை. மிஷனரியோடு முரண்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இடையன்குடி மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1849-இல் இந்தப் பனையேறி மக்களான சாணார் சமூகத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் இந்தப் பக்கத்தில் மூட்டிய கோபம் வேறு இருந்தது. 1857-இல் சட்டாம்பிள்ளை ஒரு கூட்டத்தாரோடு பிரிந்துபோய்த் தனிச் சபை கண்டார். மிஷனரிகளின் பணமும் வேண்டாம், அவர்கள் அதிகாரமும் வேண்டாம் என்று நின்ற சபை அது. சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரித்தார்கள். நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரம், மூக்குப்பீறிப் பக்கத்தில் அது வேர் பிடித்தது. அவருடைய வேத விளக்கங்களை ஏற்பதும் மறுப்பதும் வேறு பேச்சு. இங்கே நான் கவனிப்பது ஒன்றைத்தான்: மிஷன் சம்பளத்தில் இருந்தவரை அவர் மக்களுக்காக எழுப்பிய குரலுக்கு ஒரு கடிவாளம் இருந்தது. வேலை போன பிறகுதான் அது முழுக் குரலாக வெளிவந்தது. அவரைப்போல் வேலை இழக்கத் துணியாத பிற உபதேசிமார்கள் என்ன நினைத்தார்கள் என்பது எங்கும் பதிவாகவில்லை. பதிவாகியிருக்கவும் முடியாது.

1876-இல் மிஷனரியாக ஆர்தர் மர்காஷிஸ் நாசரேத்துக்கு வந்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1870-இல், டாக்டர் ஸ்டிராக்கன் இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார். மர்காஷிஸ் வந்ததும் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அநாதை இல்லம், அவர்கள் தொழில் கற்க 1878-இல் கலைத் தொழிற்பள்ளி என்று ஆரம்பித்து, 1908-இல் இறக்கும்வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓயாமல் உழைத்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். இன்றும் ஊர் அவரைத் தகப்பனாகவே நினைக்கிறது, அந்த நினைப்பு நியாயமானது. பெண் பிள்ளைகள் படிப்பதற்கும், பனையேறிகளின் பிள்ளைகள் கம்மாலை, தச்சு, அச்சுத் தொழில் பழகுவதற்கும் அவர் போட்ட அடித்தளம் பெரிது.

ஆனால் நிர்வாகம் என்ற கண்ணோடு பார்த்தால், சபைக்குக் குருவும் பள்ளிக்கு மேலாளரும் சம்பளம் தருபவரும் தண்டிப்பவரும் அவர் ஒருவரே. வாத்தியாருக்கு அவரிடம் குறை இருந்தால், அந்தக் குறையைச் சொல்லவும் அவரிடமே போக வேண்டும். மேல்முறையீடு என்றால் தொலைவில் இருக்கும் சங்கத்துக்குக் கடிதம் எழுதவேண்டும். நல்ல மனிதர் கையில் இருந்ததால் அந்த அதிகாரம் நல்லதைச் செய்தது. அந்த ஏற்பாட்டில் ஒரு தெளிவும் இருந்தது, அதை மறுக்கக் கூடாது: தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று ஊருக்கே தெரியும்.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் வேலைசெய்த இன்னொரு இங்கிலாந்து மிஷன் சங்கமான சி.எம்.எஸ். வேறு பாதையை எடுத்தது. அதன் செயலர் ஹென்றி வென், சுதேசச் சபை தன்னைத்தானே ஆண்டு, தன்னைத்தானே தாங்கி, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர். அந்த எண்ணத்தின்படி 1860-களின் இறுதியிலிருந்து திருநெல்வேலியில் டிஸ்டிரிக்ட் சபை மன்றங்கள் வந்தன. குருமார்களும் சபைகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் போடுமுன் எடுத்துவைத்த பிடி அரிசிக் காணிக்கையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. மகத்தான தொடக்கம் என்றுதான் சொல்வேன். அரசாங்கத்தின் தாலுகா போர்டுகளே இன்னும் வந்திராத காலத்தில், கிராமத்துச் சபைக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்? கூட்டத்தில் எழுந்து பேசவும், கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கவும் தெரிந்தவர் ஊரில் ஒருவரோ இருவரோ. அவர்கள் பெரும்பாலும் மிஷனின் உபதேசியாரும் வாத்தியாரும்தான். எழுத்தறிவு மிஷன் கொடுத்தது, எழுத்தறிந்தவருக்கு வேலையும் மிஷன் கொடுத்தது. ஆகவே மிஷனின் பணத்தைக் கண்காணிக்க வந்த மன்றத்தில் மிஷனின் பணத்தில் வாழ்பவர்கள் நிறைந்தார்கள். யாரும் சதி செய்யவில்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். 1896-இல் திருநெல்வேலிக்குத் தனிப் பேராயம் வந்து சாமுவேல் மோர்லி முதல் பேராயரானபோதும், 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்து எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற பழைய வேலிகள் விழுந்தபோதும் இந்தப் பழக்கம் கூடவே வந்தது.

இதற்கு இணையாக அரசாங்கத்தின் பக்கத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே கதை வேறு திசையில் திரும்பியது.

ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானத்துக்குப் பிறகு, 1884-இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சிப் போர்டுச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் சாலை போட்டன, ஆஸ்பத்திரி நடத்தின, பள்ளிக்கூடம் வைத்தன. 1934-இல் தாலுகா போர்டுகள் கலைந்தன. 1958-இன் பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளின் காலமும் முடிந்து, கிராமத் தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்குப் போயின. அதோடு ஆசிரியரின் தலையெழுத்து ஒன்றியத் தலைவரின் கைக்கு வந்தது. தேர்தலில் எதிர்ப்பக்கம் வேலைசெய்தார் என்ற சந்தேகம் போதும், வாத்தியாருக்குத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். ஒன்றியத் தலைவரின் வீட்டுத் திண்ணையில் விடுமுறை நாளில் காத்திருந்த ஆசிரியர்களைப் பற்றி அந்தத் தலைமுறையில் கேட்டால் யாரும் கதை சொல்வார்கள். ஆசிரியர் சங்கங்கள் நீண்ட காலம் போராடின. 1981 ஜூன் 1 முதல் எம்.ஜி.ஆர். அரசு ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை அரசு ஊழியர்களாக ஆக்கியது. அன்றோடு ஒன்றியக் கவுன்சிலருக்கும் ஆசிரியரின் சம்பளத்துக்கும் இருந்த முடிச்சு அறுந்தது.

மறுபக்கத்தையும் சட்டம் மூடியது. 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அரசு ஊழியரோ ஊராட்சி ஊழியரோ ஊராட்சித் தேர்தலில் நிற்க முடியாது. ஊராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கும் தகுதியில்லை. ஒருவர் ஊழியராக இருக்கலாம், அல்லது உறுப்பினராக இருக்கலாம், இரண்டில் ஒன்று. இதற்கும் விலை உண்டு. பள்ளியின் மேல் ஊருக்கு இருந்த பிடி தளர்ந்தது, வாத்தியார் பதில் சொல்ல வேண்டிய இடம் தொலைவில் இருக்கும் கல்வி அலுவலகமாயிற்று. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்து, அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று சொன்னது அந்தத் தளர்வை ஓரளவு சரிசெய்யத்தான்.

நாசரேத்தின் பள்ளிகளுக்கு இந்த இரண்டு மாற்றமுமே முழுதாக வந்து சேரவில்லை. அவை அரசு உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகள். 1854-இன் வுட் அறிக்கையிலிருந்து தொடங்கிய மானிய முறை வளர்ந்து வளர்ந்து, இன்று உதவிபெறும் பணியிடத்தில் இருக்கும் ஆசிரியரின் சம்பளம் முழுவதையும் அரசே தருகிறது. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். கல்வி உரிமைச் சட்டத்தின் பள்ளி மேலாண்மைக் குழு சிறுபான்மைப் பள்ளிகளில் ஆலோசனை சொல்லும் குழுவாக மட்டும் இருக்கும் என்று 2012-இல் திருத்தம் வந்தது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மைப் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டாது என்றே தீர்ப்பளித்தது. ஆக, அரசுப் பள்ளியில் இருக்கும் தடுப்புச் சுவரும் இங்கே இல்லை, பெற்றோரின் கட்டாய நாற்காலியும் இங்கே இல்லை.

சிறுபான்மையினரின் உரிமையை நான் குறைத்துப் பேசவில்லை. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இல்லாதிருந்தால் இந்தத் தேரிக் காட்டின் பள்ளிகளில் பாதி இன்று இருந்திருக்காது. அந்த உரிமையை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்த 1958-இன் கேரளக் கல்வி மசோதா வழக்கிலேயே, நிர்வகிக்கும் உரிமைக்குள் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீராக நிர்வகிப்பது எப்படி என்பதைச் சபையே தனக்கு விதியாக எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

இப்போது அன்றையும் இன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்று பணம் இங்கிலாந்தின் சபையாரிடமிருந்து வந்தது. அவர்களுக்கு நாசரேத்தில் நாற்காலி இல்லை, வரும் அறிக்கையை நம்ப வேண்டியதுதான். இன்று ஆசிரியரின் சம்பளம் தமிழ்நாட்டு அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. கடையில் சோப்பு வாங்குகிற ஒவ்வொருவரும் அதற்கு வரி கட்டுகிறார். இந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய பெற்றோருக்குத் திருமண்டலத் தேர்தலில் வாக்கு இல்லை. சபையாரில் வாக்குள்ளவர்களிலும், ஒழுங்காகச் சங்கக் காணிக்கை கட்டி, அசன விருந்துக்கு அரிசி கொடுத்து, மும்பையில் கடையில் நின்று சேர்த்த பணத்தில் கோயிலுக்குக் காணிக்கை அனுப்பும் சாதாரண மனிதருக்குப் பெருமன்றம் எட்டாத உயரம். பணம் கொடுப்பவர் அன்றும் அறைக்கு வெளியே, இன்றும் அறைக்கு வெளியே. வாங்குபவர் இரண்டு காலத்திலும் உள்ளே.

வித்தியாசம் எங்கே என்றால், அன்று உள்ளே இருந்த ஊழியர் பயத்தோடு உட்கார்ந்திருந்தார். மிஷனரிக்கு எதிராகக் கை தூக்கினால் வேலை போகும். இன்று தேர்தல் வந்துவிட்டது, எண்ணிக்கை பேசுகிறது. ஊழியர்களின் வாக்கு இல்லாமல் எந்த அணியும் ஜெயிப்பது கடினம். பயந்து உட்கார்ந்திருந்தவர் இப்போது பயப்பட வைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார். அதேநேரம் எதிரணியில் இருக்கும் ஆசிரியருக்குப் பழைய பயம் அப்படியே இருக்கிறது. ஆட்சி மாறினால் அவர் முறை வரும், இன்று ஆளும் அணியில் இருப்பவருக்கு மாற்றல் வரும். ஒன்றியத் தலைவரின் திண்ணையை 1981-இல் மூடியதாக நினைத்தோம். உதவிபெறும் பள்ளிகளில் அது இடம் மாறித் திறந்திருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், வெறும் குற்றச்சாட்டாக நின்றுவிடும். ஒரு பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் இடம் ஒன்று காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்வித்துறை அனுமதி தந்ததும் நிர்வாகம் ஆளைத் தேட வேண்டும். வேலை கிடைத்தவருக்கு ஓய்வுபெறும்வரை அரசுச் சம்பளம். தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இருப்பதால் அவரை எளிதில் நீக்கவும் முடியாது. ஆகவே அந்த ஒரு கையெழுத்தின் மதிப்பு மிகப் பெரிது. கையெழுத்திடும் குழுவில் இருப்பவரின் மருமகள் விண்ணப்பித்திருக்கிறார். குழுவில் இன்னொருவர் தன் பதவி உயர்வுக்காக இவருடைய ஆதரவை எதிர்பார்த்திருக்கிறார். மூன்றாமவரின் மகனுக்கு அடுத்த ஆண்டு இடம் வேண்டும். யாரும் பணம் கைமாற்ற வேண்டியதே இல்லை. ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்தாலே போதும். தகுதியோடு விண்ணப்பித்த ஏழைப் பெண் ஒருத்தி வெளியே நிற்பாள், ஏன் கிடைக்கவில்லை என்று அவளுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால், குழு கூடி முறைப்படி தீர்மானித்தது என்பார்கள், அதுவும் உண்மையாகவே இருக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

சட்டம் இந்த நோயை அறியாததல்ல. நாடாளுமன்ற உறுப்பினர் அரசின்கீழ் ஆதாயப் பதவி வகிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 102-ஆம் பிரிவு. சட்டமன்ற உறுப்பினருக்கு 191. 2006-இல் ஜெயா பச்சன் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுவின் தலைவராக இருந்ததால் மாநிலங்களவை இடத்தை இழந்தார். பணம் எதுவும் வாங்கவில்லை என்ற அவர் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கினாரா என்பது கேள்வியில்லை, அந்தப் பதவி ஆதாயம் தரக்கூடியதா என்பதே கேள்வி என்றது. அந்த அளவுகோல் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அது மனிதரின் நேர்மையைச் சந்தேகிக்காமலே அவர் உட்காரும் இடத்தைச் சோதிக்கிறது. இங்கிலாந்தில் 1972-இன் உள்ளாட்சிச் சட்டப்படி, ஒரு கவுன்சிலின் ஊழியர் அதே கவுன்சிலுக்கு உறுப்பினராக முடியாது.

பக்கத்து மாநிலத்தைப் பார்ப்பது இன்னும் பயன் தரும். கேரளத்தில் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் நீண்ட காலமாகத் தேர்தலில் நின்று சட்டமன்றம்வரை போயிருக்கிறார்கள். அதற்கென்றே 1951-இன் ஒரு சட்டம் அவர்களுக்கு விலக்கு அளித்திருந்தது. 2021 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம், அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தது. சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரும்போது அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு நியாயம், உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு வேறு நியாயமா என்பதே அங்கே எழுந்த கேள்வி. அது சட்டமன்றத் தேர்தல், இது சபைத் தேர்தல் என்று ஒதுக்கிவிடலாம். கேள்வி என்னவோ இங்கேயும் பொருந்துகிறது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆசிரியர்களை வெளியேற்றினால் யார் மிஞ்சுவார்கள்? ஒப்பந்தக்காரர்களும் பணம் படைத்தவர்களும்தானே என்கிறார்கள். இந்த மக்களை மேலே தூக்கிவிட்டவர்கள் வாத்தியார்கள்தான். ஞாயிறு பள்ளி நடத்துவதும், பாடகர் குழு பழக்குவதும், ஊர்ச் சண்டையில் நடுவில் நிற்பதும் அவர்களே. அவர்களுக்கு வாயடைப்பது நன்றிகெட்ட செயல் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் தோர்ணக்கலின் பேராயராகி, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெயரெடுத்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவைத் தந்த மண் இது. இங்கே படித்தவனும் சபையும் தனித்தனி இல்லை.

மீதிப் பாதிதான் இப்போது பொய்யாகிவிட்டது. 1870-இல் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் உபதேசியாரும் வாத்தியாரும்தான். இன்று அதே கிராமத்தில் வங்கி ஊழியர், செவிலியர், பொறியாளர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், ஓய்வுபெற்ற ராணுவ வீரர், கணக்கு எழுதத் தெரிந்த கடைக்காரர், பட்டம் பெற்ற இல்லத்தரசி என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வேறு ஆள் இல்லை என்ற பழைய காரணம் தீர்ந்துவிட்டது. தீர்த்துவைத்தவர்களும் அந்த வாத்தியார்களே. தங்கள் வெற்றியின் பலனை அவர்கள் ஏன் நம்பக் கூடாது? இன்னொன்று: ஆசிரியர் சபை உறுப்பினராக இருப்பதையோ, ஜெபிப்பதையோ, பாடுவதையோ, சபைக் கமிட்டியில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவதையோ யாரும் தடுக்க வேண்டியதில்லை. நியமனம், மாற்றல், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய நான்கையும் தொடும் குழுக்களில் அவர் இருக்கக் கூடாது. ஊழியர்களின் குரல் அங்கே தேவை என்றால், ஊழியர் பிரதிநிதி என்ற பெயரோடு, ஊழியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, பேசும் உரிமையோடு மட்டும் உட்காரட்டும். சபையாரின் பிரதிநிதி என்ற வேஷத்தில் வேண்டாம்.

குருமார்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்களும் திருமண்டலத்தின் சம்பளக்காரர்கள்தான். எந்தச் சேகரத்துக்குப் போவது என்பது அவர்கள் வாழ்க்கையையே மாற்றும். ஆனால் திருச்சபையின் அமைப்பில் குருமார்கள் தங்கள் பெயரிலேயே, குருமார்களாகவே உட்காருகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் வெளிச்சம். அதனால் அந்தச் சிக்கல் சிறியது என்பது என் எண்ணம், மாற்றுக் கருத்து இருக்கலாம்.

தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகச் சண்டைகள் கடந்த பல ஆண்டுகளாகச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடந்துவருகின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் செலவாகும் பணம் காணிக்கைப் பெட்டியிலிருந்துதான் ஏதோ ஒரு வழியில் போகிறது. ஒரு காலத்தில் தொலைவிலிருந்த சங்கத்துக்கு எழுதிய மேல்முறையீட்டை இன்று மதுரைக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் எழுதுகிறோம். உள்ளூரிலேயே தீர்க்கும் விதி ஒன்றை நாமே எழுதிக்கொள்ளாததால் வந்த அலைச்சல் இது.

எழுதிக்கொள்வதற்குப் பெரிய ஞானம் வேண்டாம். வேட்பு மனுவில் மூன்று வரிகள் சேர்த்தால் தொடங்கிவிடலாம். வேட்பாளரோ, கணவன் மனைவியோ, பிள்ளைகளோ, மருமக்களோ, உடன்பிறந்தோரோ திருமண்டல நிறுவனம் எதிலாவது வேலை பார்க்கிறார்களா, எங்கே, எந்தப் பதவியில் என்பது ஒரு வரி. திருமண்டலத்தோடு கட்டட வேலை, கடை வாடகை, நிலக் குத்தகை ஏதும் உண்டா என்பது இரண்டாவது. தனக்கோ உறவினருக்கோ ஆதாயமுள்ள பொருள் வந்தால் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போவேன், வாக்களிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி மூன்றாவது. நிரப்பிய படிவத்தை வாக்காளர் பட்டியலோடு சேர்த்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் யார் எந்தப் பொருளுக்கு எழுந்து போனார் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு நியமனத்திலும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், என்ன மதிப்பெண் அடிப்படையில் ஒருவர் தேர்வானார் என்பதைக் கிடைக்காதவர்களுக்கும் எழுத்தில் தர வேண்டும். உதவிபெறும் இடத்தின் தேர்வுக் குழுவில், எந்தக் கட்டாயமும் இல்லாவிட்டாலும், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயோ தகப்பனோ ஒருவர், எந்த மதத்தவராயினும், பார்வையாளராக உட்காரட்டும். இதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, நீதிபதி வர வேண்டியதில்லை. பெருமன்றத்தில் ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அந்த இருவரும் ஆசிரியர்களாகவே இருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.